தெளித்த கையோடு துடைக்க வேண்டாம்

பணியிட மேசைகளில் கிருமிநாசினியைத் தெளித்த கையோடு துடைத்துவிட்டால் கிருமிகள் அழிந்துவிடும் என்று ஒரு பதிவு சொல்கிறது. பலரும் அதைப் பகிர்ந்து வருகிறார்கள். பணிவுடன் ஒரு திருத்தம். கிருமிநாசினி வேலை செய்ய நேரம் வேண்டும்; அந்த நேரம் முழுவதும் அந்த இடம் ஈரமாகவே இருக்க வேண்டும். தயாரிப்பைப் பொறுத்து அது 1 நிமிடமாகவும் இருக்கலாம், 10 நிமிடமாகவும் இருக்கலாம்.

சரிபார்ப்பது எளிது. புட்டியில் ஒட்டியுள்ள லேபிளில் பயன்படுத்தும் முறையைப் படியுங்கள். எத்தனை நிமிடம் விட வேண்டும் என்று பெரும்பாலும் அங்கேயே அச்சிட்டிருப்பார்கள், பொடி எழுத்தில். பிறகு ஒரு கதவுக் கைப்பிடியில் தெளித்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். மின்விசிறிக் காற்றில் அதற்குள் காய்ந்துவிட்டால் மறுபடியும் தடவ வேண்டும். நாள் முழுவதும் பலர் கைபடும் இடம் என்பதால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.