குறிப்பு எழுதியது கலைஞர் இல்லை

"எமிலி ஜாசிர் குறிப்பு எழுதிக் கொடுத்தார், பாலஸ்தீனர்கள் செய்தார்கள், யோகோ ஓனோ பாணிதான்" என்று பாலஸ்தீனக் கலைஞர் ஜாசிரின் 'Where We Come From' படைப்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். யோகோ ஓனோ பாணி என்றால், என்ன செய்ய வேண்டும் என்று கலைஞர் குறிப்பு எழுதுவார், மற்றவர்கள் செய்வார்கள். இங்கே நடந்தது அப்படியே தலைகீழ். 2001 முதல் 2003 வரை செய்த அந்தப் படைப்பில் ஜாசிர் கேட்டது ஒரே கேள்வி: பாலஸ்தீனத்தில் எங்கேயாவது உங்களுக்காக நான் என்ன செய்யட்டும்? பதில் சொன்னவர்கள் ஊர் திரும்ப முடியாத பாலஸ்தீனர்கள், அல்லது பாலஸ்தீனத்துக்குள்ளேயே நடமாட அனுமதி இல்லாதவர்கள். அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருந்ததால் ஜாசிர் போய்ச் செய்தார். ஜெருசலேமில் இருக்கும் அம்மா கல்லறையில் அம்மாவின் பிறந்தநாளன்று பூ வைக்கச் சொன்னார் ஒருவர். ஹைஃபாவில் தெருவில் முதலில் கண்ணில் படும் பாலஸ்தீனப் பையனோடு கால்பந்து ஆடச் சொன்னார் இன்னொருவர். ஜெருசலேம் தபால் நிலையத்தில் போன் பில் கட்டுவதுகூட ஒரு வேண்டுகோள் (எனக்கு அதுதான் ரொம்ப உறுத்துகிறது, பில் கட்டக்கூட ஆள் அனுப்ப வேண்டிய நிலை). வேண்டுகோள் அரபியிலும் ஆங்கிலத்திலும், பக்கத்தில் செய்ததற்கான போட்டோ, அவ்வளவுதான் காட்சி.

நீங்கள் சொல்கிற வகை, 2016-ல் ஷார்ஜாவில் ஹூர் அல் காசிமி, ஹான்ஸ் உல்ரிக் ஓப்ரிஸ்ட் என்ற கண்காட்சி அமைப்பாளர்கள் இருவரும் அரபியில் கொண்டுவந்த 'do it' கண்காட்சி. அங்கேதான் கலைஞர்கள் எழுதியதை மற்றவர்கள் செய்தார்கள். அது வேறு, இது வேறு.