அலைக்கு அடியில் ஆட்கள் இருக்கிறார்கள்

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலை ஓவியம் இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது. பனியனில், காபிக் கோப்பையில், போன் உறையில். ஆனால் அதில் மூன்று படகுகள் இருப்பதை எத்தனை பேர் கவனித்திருப்போம்? எடோ நகரத்துக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, மீன் கொண்டுபோகிற வேகப் படகுகள் அவை. துடுப்புக்காரர்கள் குனிந்து ஒடுங்கிக் கிடக்கிறார்கள்.

ஜப்பானிய மர அச்சு ஓவியம் என்றதும் அலை, ஃபூஜி மலை, செர்ரிப் பூ என்றே பேசுகிறோம். எனக்கு அது பெரிய வருத்தம். அந்த ஓவியங்களின் உயிரே அதிலுள்ள சாதாரண மனிதர்கள்தான். அதை வாங்கியவர்களும் அவர்களே. ஓவியர் வரைய, ஒருவர் செர்ரி மரப்பலகையில் செதுக்க, இன்னொருவர் நிறம் நிறமாக அச்சடிக்க, பதிப்பாளர் கடையில் விற்பார். ஒரு கிண்ணம் நூடுல்ஸ் விலையை ஒட்டிய காசுக்கு ஒரு தாள் கிடைத்தது.

உதமாரோ அழகிகளை வரைவதில் பேர்போனவர். அவர் 1790களில் ஒரு சமையலறையை வரைந்தார். இரண்டு தாள்களைச் சேர்த்து வைத்தால் ஒரே படம். ஒருத்தி அடுப்பின் முன் குனிந்து மூங்கில் குழாயால் நெருப்பை ஊதுகிறாள். நம் வீட்டு ஊதாங்குழலேதான்! பக்கத்தில் ஒருத்தி கொதிநீரை மொள்கிறாள், ஆவி மேலே எழும்புகிறது. இன்னொருத்தி கத்தரிக்காய் தோலைச் சீவுகிறாள். கிண்ணம் துடைக்கிற அம்மாவை வேலை செய்யவிடாமல் குழந்தை முதுகில் தொற்றிக்கொண்டிருக்கிறது. எங்கள் பாட்டி வீட்டுப் புகை என் கண்ணில் பட்ட மாதிரி இருந்தது.

ஹிரோஷிகே 1830களில் வரைந்த தொகாய்தோ சாலைப் படங்களும் அப்படித்தான். மரிகோ என்ற ஊர்ப் படத்தில் சாலையோரக் கடையில் இரண்டு வழிப்போக்கர்கள் சாப்பிடுகிறார்கள். பரிமாறுகிற பெண்ணின் முதுகில் குழந்தை.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இந்த ஓவியங்களில் பட்டு உடுத்தி நிற்கும் பெண்களில் பலர் யோஷிவாரா என்ற பரத்தையர் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். குடும்பக் கஷ்டத்தில் சின்ன வயதிலேயே விற்கப்பட்டவர்கள் அவர்களில் ஏராளம். அந்தப் பட்டு உடையை மட்டும் பார்த்து ரசிக்க என்னால் முடியாது.

அப்புறம்தான் உதமாரோவின் இன்னொரு படம் கண்ணில் பட்டது. யோஷிவாராவின் ஒரு நாளைப் பன்னிரண்டு பொழுதுகளாகப் பிரித்து அவர் வரைந்த வரிசையில் ஒன்று அது. பின்னிரவு 2 மணி வாக்கில் ஒருத்தி தூக்கக் கலக்கத்தோடு எழுந்து நிற்கிறாள். உடை நழுவுகிறது. ஒரு கையில் எரியும் காகிதத் திரி, இன்னொரு கையில் மெல்லிய தாள். குனிந்து பார்த்தபடி காலால் செருப்பைத் தேடுகிறாள்.