டைம்ஷீட்டில் 8, டைரியில் 13

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டி டைரி இருக்கும். ஷிஃப்ட் முடிந்த பிறகும் நின்று பார்த்த நேரத்தை அன்றன்றைக்கே அதில் குறித்து வைப்பார். சம்பள நாளன்று சம்பளச் சீட்டையும் டைரியையும் வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணுவார். ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. அரை மணி நேரம் விட்டுப்போயிருந்தாலும் மறுநாள் சூப்பர்வைசர் முன்னால் போய் நிற்பார்.

நான் ஓ.எம்.ஆரில் ஐ.டி. கம்பெனியில் கணினி முன்னால் உட்காருகிறவன். போன டிசம்பர் சாஃப்ட்வேர் ரிலீஸுக்கு முந்தைய ஏழு வாரமும் காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால், வெளியே வர இரவு பதினொன்றரை. சில நாள் ஒன்றரை. ஒரு நாள் அப்பா கேட்டார்: "இவ்வளவு நேரம் பாக்குறியே, ஓ.டி. எவ்வளவுடா வரும்?"

"அதெல்லாம் எங்களுக்குக் கிடையாதுப்பா."

"சரி, எழுதியாவது வைக்கிறியா?"

எழுதத்தான் செய்கிறேன், வெள்ளிக்கிழமைதோறும் டைம்ஷீட்டில். எல்லா நாளும் எட்டு, எட்டு, எட்டு. ஒன்பது போட்டால்கூட மேனேஜர் கூப்பிட்டு, "க்ளையன்ட்டுக்கு பில் பண்ண முடியாது, எட்டா மாத்திடு" என்பார். மாற்றிவிடுவோம். சண்டை போடும் தெம்பு அந்த நேரத்தில் யாருக்கும் இருக்காது.

இப்போது கணக்கைப் பாருங்கள். அடுத்த ப்ராஜெக்டுக்கு எஸ்டிமேட் போடுகிறவர் போன ப்ராஜெக்டின் டைம்ஷீட்டைத்தான் எடுத்துப் பார்ப்பார். அதில் ஆறு பேர், ஆளுக்கு எட்டு மணி நேரம், ஏழு வாரத்தில் வேலை முடிந்தது என்று இருக்கும். அதனால் அதே மாதிரி வேலைக்கு மறுபடியும் ஆறு பேர், ஏழு வாரம். எட்டு மணி நேரத்தில் முடித்தோம் என்று நாங்களே எழுதிக் கொடுத்துவிட்டு, ஆள் பத்தவில்லை என்று கேன்டீனில் புலம்பிக்கொண்டிருக்கிறோம்.

2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது ஞாபகம் இருக்கிறதா? சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடி 100 ஆண்டு நிறைகிற நேரம். எதிர்ப்பு கிளம்பி, மே 1 அன்றே மசோதாவைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். எங்கள் டீம் வாட்ஸ்அப் குழுவிலும் கண்டன மீம்கள் பறந்தன. பாதி மீம் இரவு பத்து மணிக்கு மேல் ஆபீஸிலிருந்து போனவை. நானும் இரண்டு அனுப்பினேன்.

அப்பா கேட்ட மறுநாளே ஒரு டைரி வாங்கினேன். சாப்பாட்டு நேரத்தைக் கழித்துவிட்டு எழுதினேன். முதல் வாரக் கூட்டல்: ஐந்து நாளும் 13, சனிக்கிழமை 9, மொத்தம் 74. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம், 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொன்னதை முன்பே படித்திருந்தேன். படித்தபோது உறைக்கவில்லை. என் கையெழுத்தில் 74 என்று பார்த்தபோது உறைத்தது.

நேரத்தோடு என்ன செய்தேன் என்பதையும் எழுத ஆரம்பித்தபோதுதான் விஷயம் விளங்கியது. மாலை ஆறரையிலிருந்து எட்டு வரை பெரும்பாலும் வெளிநாட்டில் க்ளையன்ட் இடத்தில் இருக்கும் ஆன்சைட்காரர் கண் விழித்து பதில் போடுவதற்காகக் காத்திருப்பது. இரவு பதினொன்றுக்கு மேல் செய்ததில் பாதியை மறுநாள் காலையில் நானே திருத்தியிருக்கிறேன். மாலையில் காத்திருக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் கீழே சர்வீஸ் ரோட்டு வண்டிக்கடைக்குப் போய் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து, கால் மணி நேரம் கண்ணை மூட ஆரம்பித்தேன். நள்ளிரவு பிரியாணியும் அதற்குப் பிந்தைய நெஞ்செரிச்சலும் நின்றன. யோகா செய், தண்ணீர் குடி என்று ஹெச்.ஆர். அனுப்பும் மெயில்களைவிட இது எனக்கு உதவியது. (அந்த மெயில்களும் இரவு ஒன்பது மணிக்குத்தான் வரும்.)

டீமில் ஒரு பையன் கேட்டான்: "அண்ணா, உண்மையான நேரத்தைச் சொன்னா, இவன் ஸ்லோன்னு அப்ரைசல்ல எழுதிட மாட்டாங்களா?" எழுதுவார்கள். வீட்டுக்கடன் கட்டுகிறவனிடம் தைரியமாக இரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் ஆறு பேர் கணக்கையும் பெயர் போடாமல் ஒரே தாளில் கூட்டி, ஜனவரி எஸ்டிமேட் மீட்டிங்கில் வைத்தோம். மேனேஜர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பாவம், அவர் கணக்கும் எங்களுடையதைவிடக் குறைவாக இருந்திருக்காது. கடைசியில் இரண்டு பேர் கேட்டதற்கு ஒருவர் கிடைத்தார். இரவு க்ளையன்ட்டோடு போன் மீட்டிங் நீண்டால் மறுநாள் காலை மீட்டிங் பதினொன்றுக்கு என்று ஆனது. டைம்ஷீட்டில் மட்டும் இன்னும் எட்டுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா என் டைரியைப் புரட்டினார். செவ்வாய்க்கிழமை காலியாக இருந்தது.

"அன்னைக்கு லீவா?"

"இல்லப்பா, வீட்டுக்குக் கிளம்பவே ஒன்றரை ஆயிடுச்சு. எழுத மறந்துட்டேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பேனாவை வாங்கினார். "ஒன்பதரையிலேர்ந்து ஒன்றரை. சாப்பாட்டுக்கு ஒண்ணு கழிச்சா பதினஞ்சு" என்று சொல்லிக்கொண்டே அவரே எழுதினார்.