ராயல் மெயில் வேறு, போஸ்ட் ஆபீஸ் வேறு

“ராயல் மெயிலை வாங்கிய தனியார்தான் பிரிட்டனில் தபால் நிலையங்களை மூடுகிறது, தபால் ஊழியர் சங்கம் அதைத்தான் எதிர்க்கிறது” என்பது சரியல்ல. 2012இலேயே இரண்டும் பிரிந்துவிட்டன. 2013இல் பங்குச் சந்தைக்குப் போனது கடிதம் சுமக்கும் ராயல் மெயில் மட்டும். கவுண்டர்களை நடத்தும் போஸ்ட் ஆபீஸ் லிமிடெட் இன்றும் அரசுடையது.

2024 நவம்பரில் தன் சொந்த ஊழியர்கள் வேலை பார்க்கும் 115 கிளைகளைக் கைவிடப் போவதாகச் சொன்னது இந்த அரசு நிறுவனம்தான். தபால், தொலைத்தொடர்பு ஊழியர்களின் சி.டபிள்யூ.யு. (CWU) சங்கம் கொதித்தது அதற்கு. எல்லாவற்றையும் பூட்டுவது அல்ல, பெரும்பாலானவற்றைக் கடைக்காரர்களிடம் ஒப்படைப்பதே திட்டம். சுமார் 1,000 பேரின் வேலை அதில் ஊசலாடியது.

அப்புறம், 2007–09இல் ஏறத்தாழ 2,500 கிளைகள் மூடப்பட்டபோது ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சி. அப்போது ராயல் மெயிலும் அரசிடம்தான் இருந்தது.