முழுசாகத் திரும்பினால் உடையாது என்று அர்த்தமில்லை

"நிட்டினால் ஸ்டென்ட் 8 சதவீதம் வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே வந்துவிடும், அதனால் அது உடையவே உடையாது" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். (ஸ்டென்ட் என்பது ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் வலைக் குழாய்; நிட்டினால் என்பது நிக்கல்-டைட்டானியம் கலப்பு உலோகம்.) முதல் பாதி ஏறக்குறைய சரி. இரண்டாம் பாதி தவறு, அதை நம்பி யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

அந்த 8 சதவீதம் ஓரிரு தடவை வளைப்பதற்கான கணக்கு. இதயம் ஆண்டுக்குச் சுமார் 4 கோடி தடவை துடிக்கிறது. பத்து ஆண்டில் 40 கோடி. அத்தனை தடவையும் தாங்க வேண்டுமென்றால், ஒவ்வொரு துடிப்பிலும் ஏறி இறங்கும் திரிபு (உலோகம் எத்தனை சதவீதம் நீள்கிறது அல்லது சுருங்குகிறது என்ற அளவு) அரை சதவீதத்தை ஒட்டியே இருக்க வேண்டும். உலோகத்துக்குள் இருக்கும் கார்பைடு, ஆக்சைடு துகள்கள் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியவை. விரிசல் பெரும்பாலும் அங்கேதான், மேற்பரப்பை ஒட்டிய துகளில், பிறக்கிறது. வடிவம் கச்சிதமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும்போதும் அது வளரும்.

தொடைத் தமனியில் வைத்த ஸ்டென்ட்கள் முறிந்தது மருத்துவ உலகம் நன்கறிந்த விஷயம். அங்கே துடிப்பு மட்டுமில்லை. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் மடிப்பு, முறுக்கு, சுருக்கம் எல்லாம் சேர்கிறது.

இதனால்தான் கணினி மாதிரியில் ஸ்டென்ட்டின் ஒவ்வொரு வளைவிலும் சராசரித் திரிபையும் மாறும் திரிபையும் தனித்தனியே கணக்கிடுகிறார்கள். தகைவை (உலோகத்துக்குள் ஒரு பரப்பளவுக்கு எவ்வளவு விசை என்ற அளவை) வைத்துக் கணக்கிட்டால் போதாது: நிட்டினால் விசை கூடாமலே வளைந்துகொண்டு போகும் கட்டத்தில், அதாவது மீள்தளப் பகுதியில், தகைவு அப்படியே நிற்க, திரிபு மட்டும் ஓடிவிடும். பிறகு நிஜ சோதனை. வினாடிக்கு 50 தடவை வளைத்து விட்டாலும் 40 கோடிக்கு மூன்று மாதம் ஆகும்.