ரிங்டோன் இனிமையாக இருந்தால் போதாது, காதில் விழ வேண்டும்

பிடித்த பாட்டை முதலிலிருந்து அப்படியே ரிங்டோனாக வைத்துவிடுகிறார்கள். மெல்ல எழும் வயலின், அப்புறம் ஹம்மிங், பல்லவி வர 20 நொடி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2019இல் போட்ட விதிப்படி, எடுக்காத அழைப்பு மொபைலில் ஒலிப்பதே 30 நொடிதான். கைப்பையைத் துழாவி எடுப்பதற்குள் மிஸ்டு கால் ஆகிவிடும்.

இந்த ஒரு விஷயத்தில் 2000இல் வந்த நோக்கியா 3310 இன்றைய போன்களைவிடக் கெட்டி. உள்ளே சின்ன பஸ்ஸர், ஒரு நேரத்தில் ஒரே சுரம். ஆனால் நம் காது கூர்மையாகப் பிடிக்கும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் அதன் ஒலி பளிச்சென்று விழும். டவுன் பஸ் இரைச்சலிலும் கேட்கும்.

பட்டன்களை அழுத்தி நாமே ரிங்டோன் அமைக்க அதில் இருந்த கம்போசரைக் கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் கொண்டாடியிருக்க வேண்டும். 1ஐ ஸட்ஜமாக (ஸ) வைத்து 7 வரை அழுத்தினால் சங்கராபரண ராகம். 1-2-3-5-6 மோகனம். மாயாமாளவகௌளைக்கு 1, 1#, 3, 4, 5, 5#, 7 (# போட்டால் சுரம் அரைப்படி ஏறும்). எட்டு அழுத்தினால் சுரம் குறுகும், ஒன்பதில் நீளும், பூஜ்யம் இடைவெளி, நட்சத்திரம் அழுத்தினால் ஸ்தாயி மாறும். சுரத்தை அசைத்து வழுக்கிப் பாடும் கமகம் மட்டும் வராது. பஸ்ஸர் சுரத்துக்குச் சுரம் தாவுமே தவிர வழுக்காது. கமகத்தையே நம்பி நிற்கும் தோடி ராகத்தை அதில் அடித்தால் தோடியாக இருக்காது. கமகமே தேவைப்படாத நோக்கியா ட்யூன் (ஸ்பானிய இசைக்கலைஞர் டாரெகாவின் கிடார் வால்ஸிலிருந்து எடுத்த 13 சுரம்) அதில் கச்சிதமாக உட்கார்ந்தது.

பிறகு பாலிபோனிக் ரிங்டோன்கள் வந்தன. 16, 40, 64 என்று விளம்பரப்படுத்தினார்களே, அது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் எண்ணிக்கை. அடுத்து எம்பி3 வந்ததும் அசல் பாட்டே வந்துவிட்டது. வந்த பாட்டில் பாதி வெளியே கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம். போன் ஸ்பீக்கர் அவ்வளவு சிறியது. மிருதங்கத்தில் கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கம், பேஸ் கிடார் எல்லாம் அதில் கரைந்துபோகும். நாதஸ்வரம், புல்லாங்குழல், உச்ச ஸ்தாயிக் குரல் நிற்கும்.

ஆகவே பல்லவியின் முதல் சொல்லில் தொடங்கி 25 நொடி வெட்டுங்கள். ஒலி மெல்ல எழும் ஃபேட்-இன் வேண்டாம். ஆண்ட்ராய்டில் கோப்பை ரிங்டோன்ஸ் ஃபோல்டரில் வையுங்கள். வாட்ஸ்அப் ஃபோல்டரிலேயே விட்டால், இடம் காலி செய்யும்போது அதுவும் அழிந்து பழைய கம்பெனி ட்யூனே திரும்பிவிடும். போனிலேயே ஒலி படிப்படியாகக் கூடும் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள், முதல் சில நொடிகளை அதுவே தின்றுவிடும். கடைசியாக, போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடி, ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, அடுத்த அறையிலிருந்து ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள்.