சிஎஸ்வி எல்லாவற்றுக்கும் போதாது
மேட்ரிக்ஸை, அதாவது எண்களை நிரை, நிரலாக (வரிசை, பத்தி) அடுக்கிய அமைப்பை, சேமிக்க சிஎஸ்வியே (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் உரைக் கோப்பு) போதும் என்று மேட்ரிக்ஸ் சேமிப்பு பற்றிய கட்டுரையில் சொல்லியிருப்பது சின்ன அட்டவணைக்குச் சரி, ஆனால் அது மேட்ரிக்ஸ் என்கிற தகவலே கோப்பில் இருக்காது, ஆர் என்கிற புள்ளியியல் மொழியில் ரீட்.சிஎஸ்வி கட்டளை போட்டால் டேட்டா ஃபிரேமாகத்தான் (நிரலுக்கு நிரல் தரவு வகை மாறக்கூடிய அட்டவணை) வரும். அதைவிடப் பெரிய தலைவலி எண்களை அடுக்கும் முறை. ஆர், மேட்லேப் என்கிற கணக்கீட்டு மென்பொருள் இரண்டும் ஃபோர்ட்ரான் என்கிற பழைய நிரலாக்க மொழியின் வழியில் நிரல் நிரலாக (மேலிருந்து கீழாக) அடுக்கும். பைத்தான் மொழியின் எண் நூலகமான நம்பை, நாம் எதுவும் சொல்லாவிட்டால், நிரை நிரையாக (இடமிருந்து வலமாக). முதல் நிரையில் 1 2 3, இரண்டாவதில் 4 5 6 உள்ள மேட்ரிக்ஸை ஆரிலிருந்து வெறும் பைனரியாக (வேறு விவரம் இல்லாமல் எண்களின் பைட்டுகளை மட்டும்) எழுதினால் கோப்பில் 1 4 2 5 3 6 என்று கிடக்கும், அதை நம்பையில் அப்படியே படித்தால் 1 4 2, 5 3 6 ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் கொடுமை! நம்பையின் சொந்த வடிவமான என்பிஒய் கோப்பில் எண் வகை, அளவு, அடுக்கிய விதம் எல்லாம் தலைப்பிலேயே இருப்பதால் அங்கே இந்த வம்பு இல்லை.

அப்புறம், பெரும்பாலும் பூஜ்யமாக இருக்கிற மேட்ரிக்ஸ் பற்றி ஒரு வரிகூட இல்லையே? 10,000-க்கு 10,000 என்றால் எண்ணுக்கு 8 பைட் வீதம் 80 கோடி பைட். அதில் நூற்றுக்கு ஒன்றுதான் பூஜ்யம் இல்லை என்றால், அந்த மதிப்புகளையும் அவற்றின் இடத்தையும் மட்டும் வைத்து ஏறக்குறைய 1.2 கோடி பைட்டில் முடித்துவிடலாம்.